பழைய வீட்டுக் கணினியும் ஓய்ந்துபோன பேட்டரியும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்துள்ளன. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வெளிவந்த வீட்டுக் கணினிகளைப் பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டிய வாசகர்கள், கடிகாரம் ஓடுவதற்காகவும் கணினியின் அமைப்பு விவரங்கள் அழியாமல் இருப்பதற்காகவும் உள்ளே வைக்கப்பட்டிருந்த சிறு பேட்டரி உயிரிழந்து கிடப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்தப் பக்கங்கள் முழுவதையும் அந்தப் பேட்டரிக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, என்னிடம் உள்ள அமிகா 500 நெடுங்காலத்துக்குப் பிறகும் இயங்குகிறது, ஆனால் ஒவ்வொரு முறை அணைக்கும்போதும் தேதியை மறந்துவிடுகிறது. அடிப்புறத்தில் செருகும் கூடுதல் நினைவக அட்டையைத் திறந்து பார்த்தபோது, உருளை வடிவப் பேட்டரி ஒன்றைச் சுற்றிப் பச்சைநிறப் பொடி படிந்திருந்தது. புதிய பேட்டரி கிடைக்கும் வரை இப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்த வேண்டாம். புதிய பேட்டரியைத் தேடுவதற்கு முன்பாகப் பழையதை வெளியே எடுத்துவிடுங்கள். ஓய்ந்த பேட்டரியால் கடிகாரம் நிற்பது சிறிய இழப்பு. அதிலிருந்து கசியும் திரவத்தால் அட்டையே அழிவதுதான் பெரிய இழப்பு. பேட்டரி இல்லாமலேயே அமிகா முழுமையாக இயங்கும், தேதியை மட்டும் நீங்கள் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். எனவே எடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதால் எந்தக் கேடும் இல்லை.

உங்களிடம் இருப்பது 512 கிலோபைட் நினைவகமும் கடிகாரமும் கொண்ட ஏ501 அட்டை என்று தோன்றுகிறது. அதில் உள்ள 3.6 வோல்ட் பேட்டரி, தலா 1.2 வோல்ட் தரும் மூன்று நிக்கல்-காட்மியம் செல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உறையிட்டது. அதனுள் இருக்கும் மின்பகுபொருள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது கடுமையான காரம். கணினி ஆண்டுக்கணக்கில் அணைந்தே கிடக்கும்போது பேட்டரி முழுவதுமாக வற்றிப்போகிறது. மூன்று செல்களும் ஒரே நேரத்தில் வற்றுவதில்லை என்பதால், முதலில் வற்றிய செல்லுக்குள் மற்ற இரண்டும் தலைகீழாக மின்சாரத்தைத் தள்ளி, அதன் அடைப்பைக் கெடுக்கின்றன. அடைப்பு தளர்ந்தவுடன் காரம் உலோகக் கால்கள் வழியாக ஊர்ந்து அட்டையில் இறங்குகிறது. ஈயப் பற்றுகளை மங்கிய சாம்பல் நிறமாக்கி, பச்சைப் பூச்சுக்கு அடியில் உள்ள செம்புத் தடங்களை அரிக்கிறது. நீங்கள் பார்த்த பச்சைப் பொடி அந்தச் செம்பின் எச்சம்தான்.

இதே வகைப் பேட்டரி அமிகா 500 பிளஸ், 2000, 3000, 4000 ஆகியவற்றில் பிரதான பலகையிலேயே அமர்ந்திருக்கிறது என்பதால் அங்கே சேதம் இன்னும் கொடியது. அமிகா 2000இல் கசிவு 68000 செயலியின் சாக்கெட்டு வரை சென்றிருப்பதை அடிக்கடி காணலாம். உங்களுக்கு வாய்த்த நல்லூழ், பேட்டரி கழற்றக்கூடிய தனி அட்டையில் இருப்பது. அட்டையைக் கழற்றிவிட்டும் கணினியை ஓட்டலாம். ஆனால் 1 மெகாபைட் நினைவகம் கேட்கும் விளையாட்டுகள் அப்போது இயங்கமாட்டா.

எடுக்கும் முறையைச் சொல்கிறேன். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொண்டு, பேட்டரியின் கால்களைக் கட்டரால் நறுக்கி உடலை முதலில் அப்புறப்படுத்துங்கள். துளைகளில் எஞ்சிய கால்துண்டுகளைப் பிறகு நிதானமாக உருக்கி எடுக்கலாம். அரிக்கப்பட்ட பழைய ஈயம் எளிதில் உருகாது. அதன்மேல் பிளக்ஸும் (ஈயம் உருகி ஒட்ட உதவும் பசை) புதிய ஈயமும் சேர்த்தால் இளகும். அவசரப்பட்டு இழுத்தால் செம்பு வட்டமே பெயர்ந்துவிடும். எழும் புகையின் நாற்றம் கடுமையாக இருக்கும் என்பதால் காற்றோட்டம் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

அடுத்ததாகச் சுத்தம் செய்வது. காரத்தை முறிக்க அமிலம் வேண்டும். சாதாரண வெள்ளை வினிகரோ, எலுமிச்சை உப்பை நீரில் கரைத்ததோ போதும். பழைய பல்துலக்கியில் தொட்டுத் தேய்த்தால் நுரைத்துப் பொங்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து காரம் பொட்டாசியம் கார்பனேட்டாக மாறியிருப்பதே அந்த நுரைக்குக் காரணம். நுரை எழுவது நிற்கும் வரை தேய்க்கலாம். ஆனால் வினிகரை அப்படியே உலரவிடுவது பெரும் தவறு, ஏனெனில் அமிலமும் செம்பை அரிக்கக்கூடியதே. வாலைவடிநீரால் நன்றாகக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நீரை விரட்டி, முழுவதும் உலர்ந்த பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பலர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். பச்சைப் பூச்சு கறுத்தோ கொப்புளித்தோ தெரியும் இடங்களில் காரம் பூச்சுக்குக் கீழே இன்னும் ஒளிந்திருக்கும். கண்ணாடி இழைப் பேனாவால் அந்தப் பூச்சைச் சுரண்டி, பளிச்சென்ற செம்பு தெரிந்தவுடன் மெல்லிய ஈயப் பூச்சு கொடுங்கள். அந்தப் பேனா உதிர்க்கும் தூள் தோலில் குத்தும், மூச்சில் போகவும் கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சாக்கெட்டுகளுக்கு அடியில் கசிவு நுழைந்திருந்தால் சாக்கெட்டையே கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடைசியாக, பாதிக்கப்பட்ட ஒவ்வொரு தடத்தையும் இரு பக்கங்களையும் இணைக்கும் சிறு துளைகளையும் மல்டிமீட்டரால் தொடர்ச்சி பார்த்து, அறுந்தவற்றை மெல்லிய கம்பியால் இணையுங்கள்.

கேள்வி: பழைய பேட்டரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஒரு சிஆர்2032 பொத்தான் பேட்டரியை அதன் கூட்டோடு பற்றவைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: நண்பர் சொல்வது பாதிதான் சரி. மீதிப் பாதியை விட்டுவிட்டால் ஆபத்து.

அந்தக் காலத்து நிக்கல்-காட்மியம் பேட்டரி மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்யக்கூடியது. கணினி இயங்கும் நேரமெல்லாம் 5 வோல்ட் இணைப்பிலிருந்து ஒரு மின்தடை வழியாகச் சிறிதளவு மின்சாரம் அதற்குள் சென்றுகொண்டே இருக்கும்படி பலகையை வடிவமைத்தார்கள். சிஆர்2032 ஒருமுறை மட்டுமே பயன்படும் லித்தியம் பேட்டரி. அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் உள்ளே வாயு உண்டாகும். உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். ஆகவே ஒரு பழைய கணினியைத் திறந்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்தப் பேட்டரி வாங்குவது என்பதன்று. இந்தப் பலகை பேட்டரியை மின்னேற்றுகிறதா, இல்லையா என்பதே. அதற்கு விடை தெரிந்தால் மற்றவை தாமாகவே முடிவாகிவிடும்.

விடையைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டரும் 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றும் போதும். பேட்டரி இருந்த இரு துளைகளுக்கும் இடையில் அந்த மின்தடையை இணைத்து, கணினியை இயக்கி, அதன் இரு முனைகளிலும் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். சில வோல்ட்டுகள் தெரிந்தால் பலகை மின்னேற்றுகிறது என்று பொருள். ஏறக்குறைய சுழியமாக இருந்தால் இல்லை. மின்தடை எதற்கு என்று கேட்கலாம். மல்டிமீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் இருப்பதால், எங்கிருந்தோ கசியும் அற்ப மின்சாரம்கூட அதில் பெரிய வோல்ட்டேஜாகத் தோன்றி உங்களைக் குழப்பும். மின்தடை அந்த மாயத்தைக் கலைத்துவிடும்.

மின்னேற்றும் பலகை என்றால், பேட்டரியின் நேர்முனைக்கும் பலகையின் நேர்முனைக்கும் நடுவில் ஒரு டயோடு வைக்க வேண்டும். டயோடின் மேல் வரையப்பட்ட பட்டை பலகைப் பக்கம் இருக்கட்டும். அப்போது பேட்டரியிலிருந்து மின்சாரம் வெளியே போகும், உள்ளே வராது. எந்த டயோடு என்பதில்தான் ஆர்வலர்களிடையே ஓயாத வாதம். ஷாட்கி வகை டயோடில் வோல்ட்டேஜ் இழப்பு குறைவு என்பதால் பலர் அதையே பரிந்துரைக்கிறார்கள். நான் இந்த வேலைக்குச் சாதாரண 1என்4148 சிலிக்கான் டயோடையே விரும்புகிறேன். பாடநூல்களில் சிலிக்கான் டயோடுக்கு 0.6 அல்லது 0.7 வோல்ட் இழப்பு என்று எழுதியிருப்பது மில்லிஆம்பியர் அளவில் மின்சாரம் ஓடும்போது. கடிகாரச் சிப்போ சில மைக்ரோஆம்பியர்களையே குடிக்கிறது, அந்த நிலையில் இழப்பு 0.3 முதல் 0.4 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். 3 வோல்ட்டில் அது போக மீதி 2.6 வோல்ட். ஏ501 அட்டையில் உள்ள எம்எஸ்எம்6242 கடிகாரச் சிப் ஏறத்தாழ 2 வோல்ட் வரை நேரத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் என்பதால் இது தாராளம்.

ஷாட்கி டயோடின் குறை பின்னோக்கிய கசிவு. மின் வழங்கிகளில் பயன்படும் பெரிய ஷாட்கி டயோடுகளில் இது மிகவும் அதிகம்; பிஏடி85 போன்ற சிறியவற்றில் குறைவு; 1என்4148இல் மைக்ரோஆம்பியரில் ஒரு சிறு பின்னமே. லித்தியம் பொத்தான் பேட்டரியின் வாழ்நாள் முழுவதும் சேர்த்துக்கூட அதன் கொள்ளளவில் 3 சதவீதத்துக்கு மேல் பின்னோக்கி மின்சாரம் செல்லக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் வரையறுப்பது வழக்கம். சிஆர்2032இன் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. அதில் 3 சதவீதம் 7 மில்லிஆம்பியர்-மணிக்கும் குறைவு. இந்தக் கணக்கைப் பார்த்தால் கசிவு ஏன் முக்கியம் என்பது விளங்கும்.

டயோடோடு தொடராக 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். சிப் குடிக்கும் 5 மைக்ரோஆம்பியருக்கு அதில் 5 மில்லிவோல்ட்தான் இழப்பு. டயோடு என்றேனும் பழுதாகி இருபுறமும் கடத்தத் தொடங்கினால், பேட்டரிக்குள் பாயும் மின்சாரத்தை அந்த மின்தடை 2 மில்லிஆம்பியர் அளவில் கட்டுப்படுத்தும். எல்லாம் முடிந்த பின், பேட்டரியைக் கூட்டில் வைப்பதற்கு முன்பாக, முன்பு செய்த அதே 10 கிலோ ஓம் சோதனையைக் கூட்டின் முனைகளில் செய்யுங்கள். 1 மில்லிவோல்ட் தெரிந்தால் கசிவு 0.1 மைக்ரோஆம்பியர் என்று கணக்கு. வோல்ட் கணக்கில் எதுவும் தெரிந்தால் டயோடைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்.

மின்னேற்றும் மின்தடையைப் பலகையிலிருந்து பிடுங்கிவிட்டால் டயோடே வேண்டாமே என்று சிலர் வாதிடுவார்கள். சில பலகைகளில் அது சரியாகவே வேலை செய்யும். ஆனால் வேறு சிலவற்றில் பேட்டரியிலிருந்து சிப்புக்கு மின்சாரம் போகும் வழியும் அதே மின்தடைதான். சுற்றுப்படம் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். இன்னொன்று: எந்த லித்தியம் பேட்டரியின் உடலிலும் நேரடியாக சால்டரிங் அயர்னை வைக்கக் கூடாது. கூடு பொருத்துங்கள், அல்லது தொழிற்சாலையிலேயே தகடு ஒட்டப்பட்ட பேட்டரியை வாங்குங்கள்.

சிப் 5 மைக்ரோஆம்பியர் எடுத்தால் 220 மில்லிஆம்பியர்-மணி 44,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 5 ஆண்டு வரும். அமிகாவில் புதிய பேட்டரி வைத்த பிறகும் தேதி உளறினால் சிப்பின் உள்நிலை குழம்பியிருக்கும். செட்கிளாக் கட்டளையை ரீசெட் என்ற சொல்லோடு ஒருமுறை கொடுத்து, சரியான தேதியை அமைத்து, பிறகு சேவ் என்ற சொல்லோடு கொடுங்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? மின்னேற்றக்கூடிய பேட்டரியையே மீண்டும் வைத்துவிடலாமே?

பதில்: வைக்கலாம். 3.6 வோல்ட் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி பழைய மின்னேற்றச் சுற்றோடு மாற்றமின்றி ஒத்துப்போகும், டயோடு தேவையில்லை. ஆனால் அதிலும் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடுதான். இன்று வைத்துவிட்டுக் கணினியை மறுபடியும் பரணில் ஏற்றினால், அடுத்த தலைமுறைக்கு இதே பச்சைப் பொடியைத்தான் விட்டுச்செல்வீர்கள். வாரந்தோறும் இயக்குபவர்களுக்கு மட்டுமே இது பொருத்தம். அப்போதும் கம்பி நீட்டிப் பலகையைவிட்டுத் தள்ளி வையுங்கள்.

சிஆர்2032 போலவே தோற்றமளிக்கும் எல்ஐஆர்2032 என்ற மின்னேற்றக்கூடிய பேட்டரியைப் பற்றியும் இருவர் கேட்டிருந்தார்கள். அது 3.6 வோல்ட் லித்தியம்-அயான் வகை, 4.2 வோல்ட்டைத் தாண்டி மின்னேற்றவே கூடாது. பழைய பலகைகளின் மின்னேற்றச் சுற்றில் அப்படி நிறுத்தும் ஏற்பாடு கிடையாது, வெறும் மின்தடை மட்டுமே உண்டு. தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: என் 386 செயலி கொண்ட பிசியில் உருளைப் பேட்டரி எதையும் காணவில்லை, மாறாகக் கடிகாரப் படம் அச்சிட்ட தடித்த கறுப்புக் கட்டி ஒன்று இருக்கிறது. இயக்கியவுடன் அமைப்பு விவரங்கள் தவறு என்று செய்தி வருகிறது, ஹார்டு டிஸ்க்கையும் காணவில்லை என்கிறது. டிஸ்க்கும் பழுதாகிவிட்டதா?

பதில்: டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதன் அளவு என்ன என்பதைக் கணினி மறந்துவிட்டது, அவ்வளவே. 1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி, மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற கடிகாரச் சிப்பைப் பயன்படுத்தியது. அதன் 64 பைட் நினைவகத்தில் 14 பைட் கடிகாரத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் போக, மீதி 50 பைட்டில்தான் டிஸ்க் வகை, நினைவகத்தின் அளவு போன்றவற்றைப் பேட்டரியின் துணையோடு வைத்திருந்தார்கள். பின்னால் வந்த பிசிக்களும் அதே வழியைப் பின்பற்றின. பேட்டரி ஓய்ந்தால் அசல் ஏடி 161 என்ற பிழை எண்ணைக் காட்டும். பிற நிறுவனங்களின் கணினிகள் வாக்கியமாகச் சொல்லும்.

டிஸ்க்கின் மேல் ஒட்டிய தாளில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணிக்கை அச்சிடப்பட்டிருக்கும். செட்டப் திரையில் பயனர் வகை என்பதைத் தேர்ந்து, பல பயாஸ்களில் (கணினியைத் தொடங்கிவைக்கும் உள்மென்பொருள்) அதன் எண் 47, அம்மூன்று எண்களையும் இடுங்கள். ஆனால் அந்த டிஸ்க் முதலில் எந்த எண்களோடு ஃபார்மேட் செய்யப்பட்டதோ அதே எண்களை இட்டால்தான் பழைய கோப்புகள் படிக்கக் கிடைக்கும். தாளில் உள்ளவையும் அவையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பொருந்தவில்லை என்றால் வேறு எண்களை முயன்று பாருங்கள், ஆனால் எதையும் டிஸ்க்கில் எழுதிவிடாதீர்கள். இன்னும் பேட்டரி சாகாத பிசி வைத்திருப்பவர்கள் இன்றே செட்டப் திரையைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பெட்டியின் உட்புறத்தில் ஒட்டிவைத்துவிடுவது நல்லது.

அந்தக் கறுப்புக் கட்டி டாலஸ் செமிகண்டக்டரின் டிஎஸ்1287 அல்லது டிஎஸ்12887 ஆக இருக்கும். கடிகாரச் சிப், 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம், லித்தியம் பேட்டரி ஆகிய மூன்றையும் ஒரே பிசினில் புதைத்து வார்த்தது அது. பேட்டரிக்கு 10 ஆண்டுக்கு மேல் ஆயுள் என்று சொல்லி விற்றார்கள். சொன்னபடியே உழைத்தது, சொல்லாத பல ஆண்டுகளும் கூடவே உழைத்தது. கசிந்து பலகையைக் கெடுக்காது என்பது அதன் பெருமை, மாற்ற முடியாது என்பது அதன் குறை. பாட்டி வைத்த பூட்டுக்குச் சாவியும் உள்ளே இருப்பதைப் போன்ற வடிவமைப்பு.

கட்டி சாக்கெட்டில் இருந்தால் எளிதான வழி, புதிய கட்டியோ, டிஎஸ்12885 சிப்பையும் படிகத்தையும் பொத்தான் பேட்டரிக் கூட்டையும் சிறு பலகையில் பொருத்திய மாற்றோ வாங்கிச் செருகுவது. புதிய கட்டி வாங்கும்போது மேலே அச்சிட்ட தயாரிப்பு ஆண்டைப் பாருங்கள். பழைய பலகையிலிருந்து கழற்றித் துடைத்து விற்கப்படுபவை ஏராளம்.

கைவேலையில் துணிவுள்ளவர்கள் பழைய கட்டியையே அறுத்துப் பிழைப்பிக்கலாம். உள்ளிருக்கும் சிப்பின் 16ஆம் கால் பேட்டரியின் எதிர்முனையோடும் 20ஆம் கால் நேர்முனையோடும் இணைந்திருக்கும். இவ்விரு கால்களும் கீழே நீளாமல் மேல்நோக்கி மடிக்கப்பட்டுப் பிசினுக்குள் இருக்கும். எல்லாக் கால்களையும் எண்ணத் தேவையில்லை: 13 முதல் 24 வரையிலான கால்கள் உள்ள பக்கத்தில், 13இலிருந்து எண்ணினால் நான்காவது இடமும் எட்டாவது இடமும் வெறுமையாக இருக்கும், அவற்றுக்கு நேர் மேலேதான் சுரண்ட வேண்டும். உலோகம் மின்னியவுடன் நின்றுகொள்ளுங்கள். உள்ளே செத்த பேட்டரிக்குச் செல்லும் இணைப்பை முதலில் அறுத்துவிட்டு, பிறகு சிஆர்2032 கூட்டின் கம்பிகளைப் பற்றவையுங்கள். அறுக்காமல் விட்டால் செத்த பேட்டரி புதியதன் சத்தை உறிஞ்சிவிடும். இங்கே டயோடு தேவையில்லை, ஏனெனில் இந்தச் சிப் பேட்டரியை மின்னேற்றுவதில்லை. பிசின் தூளை மூச்சில் ஏற்காதபடி முகமூடி அணிந்து செய்யுங்கள்.

கேள்வி: மெக்கின்டாஷ் எஸ்இ/30 வைத்திருக்கிறேன். அதன் பேட்டரி கசியாத லித்தியம் என்று கேள்விப்பட்டதால் விட்டுவைத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியன்று. இந்தப் பக்கத்தில் உள்ள கடிதங்களிலேயே என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்தது உங்களுடையதுதான். உங்கள் கணினியில் இருப்பது பென்டார்ச் செல்லின் பாதி நீளமுள்ள 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி. இருபது, முப்பது ஆண்டு கழித்து அது வெடித்துத் திறந்துகொள்வதுண்டு. தயோனைல் குளோரைடு காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக டையாக்சைடும் உண்டாகும். அந்த ஆவி பலகையை மட்டுமல்லாமல் உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தையே துருவேற்றிப் பொடியாக்கிவிடும். நிக்கல்-காட்மியம் கசிவு பேட்டரியைச் சுற்றி மட்டும் அரிக்கும். இது பெட்டி முழுவதையும் தின்னும்.

எஸ்இ/30இல் பேட்டரி கூட்டில் இருப்பதால் சால்டரிங் தேவையில்லை, கையால் எடுத்துவிடலாம். ஆனால் பெட்டியைத் திறந்தால் படக்குழாய் எதிரில் இருக்கும். அணைத்த பிறகும் அதில் உயர் வோல்ட்டேஜ் தங்கியிருக்கக்கூடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் அறிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே வெடித்திருந்தால் வினிகரைத் தொடாதீர்கள். இங்கே எதிரி அமிலம், ஆகவே சமையல் சோடாக் கரைசலால் முறித்து, பிறகு வாலைவடிநீரும் ஆல்கஹாலும். புதிய பேட்டரியும் அதே வகைதான், ஈஆர்14250 என்ற எண்ணில் கிடைக்கும். வாங்கிய ஆண்டை அதன்மேல் எழுதிவையுங்கள். கணினியை மாதக்கணக்கில் மூடிவைப்பதாக இருந்தால் கழற்றிவிடுங்கள். பேட்டரி இல்லாமலும் எஸ்இ/30 இயங்கும். தேதி மட்டும் 1904க்கோ 1956க்கோ போய்விடும்.

மெக்கின்டாஷ் II வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அதில் இரண்டு பேட்டரிகள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளன, அவை ஓய்ந்தால் விசைப்பலகையின் பொத்தானை அழுத்தினாலும் கணினி எழாது. மின்வழங்கி பழுது என்று எண்ணி அதைப் பிரித்துப்போட்டவர்கள் பலர். முதலில் பேட்டரிகளை எடுத்துவிட்டுக் கூடுகளைப் பொருத்துங்கள்.

கேள்வி: ஸ்பெக்ட்ரமிலும் கமடோர் 64இலும் பேட்டரி எங்கே உள்ளது? தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

பதில்: இரண்டிலும் இல்லை. கமடோர் 64இன் உள்ளீடு-வெளியீட்டைக் கவனிக்கும் சிஐஏ சிப்புகளில் ஒரு நாட்கடிகாரம் உண்டு, ஆனால் அது மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலைவை எண்ணி ஓடுவது, அணைத்தால் மறந்துவிடும். நிம்மதியாக மூடிவையுங்கள்.

கேள்வி: பலகையில் எதையும் பற்றவைக்க மனமில்லை. வெளியே ஒரு பேட்டரிப் பெட்டியை வைத்துக் கம்பியால் இணைக்க முடியுமா?

பதில்: முடியும், பல கணினிகள் அப்படியே பிறந்தவை. அட்டாரி மெகா எஸ்டியில் இரண்டு பென்டார்ச் செல்கள், ஆம்ஸ்ட்ராட் பிசி1512இல் நான்கு. எந்தக் கருவியும் இல்லாமல் மாற்றலாம். உருளைப் பேட்டரி உள்ள 386, 486 பலகைகளில் வெளிப்பேட்டரிக்கென்றே நான்கு ஊசிகள் கொண்ட இணைப்பியை வைத்திருப்பார்கள். அருகில் உள்ள ஜம்பரை (இரு ஊசிகளை இணைக்கும் சிறு மூடி) மாற்றினால் பலகை அதையே பார்க்கும். பெரும்பாலும் 1ஆம் ஊசி நேர்முனை, 4ஆம் ஊசி எதிர்முனை. கையேடு இல்லை என்றால், 4ஆம் ஊசிக்கும் தரை இணைப்புக்கும் தொடர்ச்சி பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த இணைப்பி வழியே மின்னேற்றம் வருகிறதா என்பதையும் அதே 10 கிலோ ஓம் சோதனையால் பார்க்க வேண்டும்.

எம்சி146818 வகைச் சிப் உள்ள பலகைகளுக்குப் பொத்தான் பேட்டரியைவிட இதுவே எனக்குப் பிடித்தது. அந்தச் சிப் 3 வோல்ட்டுக்குக் குறையாமல் எதிர்பார்க்கிறது. 3 வோல்ட் பொத்தானை டயோடு வழியாகக் கொடுத்தால் பற்றாக்குறை. மூன்று அல்கலைன் செல்கள் 4.5 வோல்ட் தரும், டயோடு இழப்பு போகவும் மிஞ்சும். அல்கலைன் செல்லும் கசியும்தான். ஆனால் பெட்டியை நீளக் கம்பியில் பலகைக்கு வெளியே வைத்திருப்பதால் கெட்டால் பெட்டிதான் கெடும். ஆண்டுக்கு ஒருமுறை செல்களை மாற்றிவிடுங்கள். கணினி இயங்கும்போதே மாற்றினால் அமைப்பு விவரங்கள் அழியாது. வெளியே உள்ள பெட்டிக்கு மட்டுமே இதைச் சொல்கிறேன்.

கேள்வி: புதிய பேட்டரி வைத்துவிட்டேன், கடிகாரமும் ஓடுகிறது. ஆனால் என் கணினி 1999ஐத் தாண்டிய ஆண்டை ஏற்க மறுக்கிறது. என்ன செய்வது?

பதில்: அது பேட்டரியின் குறையன்று. பல கடிகாரச் சிப்புகள் ஆண்டுக்கு இரண்டு இலக்கமே வைத்திருக்கின்றன, நூற்றாண்டைப் புரிந்துகொள்வது மென்பொருளின் பொறுப்பு. உங்கள் கணினியின் மென்பொருளுக்கு அது தெரியவில்லை என்றால், நடப்பு ஆண்டிலிருந்து 28ஐக் கழித்து வரும் ஆண்டை இடுங்கள். 1901 முதல் 2099 வரை நாட்காட்டி 28 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வருகிறது. 2026க்குப் பதில் 1998 என்று வைத்தால் கிழமைகளும் மிகைநாள் ஆண்டுகளும் பிசகாமல் ஒத்துப்போகும்.

கேள்வி: கழற்றிய பழைய பேட்டரியைக் குப்பையில் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. நிக்கல்-காட்மியத்தில் உள்ள காட்மியம் நச்சு உலோகம். லித்தியம் வகையோ பிற உலோகங்களோடு உரசினால் சூடேறித் தீப்பற்றக்கூடும். இரு முனைகளிலும் ஒட்டுநாடா சுற்றி, கசிந்ததாக இருந்தால் தனி நெகிழிப் பையில் இட்டு, மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் ஒப்படையுங்கள்.